‘கெட்’ என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா?

தமிழ்வழியில் படித்து, இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: “அகராதியில் ‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று போட்டிருக்கிறது. ஆனால் என் கூட இருப்பவர்கள் ‘காட் இட்’ என்கிறார்கள், ‘கெட் இட் டன்’ என்கிறார்கள், ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்கிறார்கள். எதிலும் ‘பெறு’ பொருந்தவில்லை. எல்லாப் பொருளையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டுமா? மெயிலில் இந்தச் சொல்லை எழுதலாமா?”

மனப்பாடம் வேண்டாம். பட்டியலில் இறங்கினால் அதற்கு முடிவே கிடையாது. ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான் அதிக வேலை செய்கின்றன. ஆக்ஸ்போர்டு பேரகராதியில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் கணக்காகியிருக்கின்றன என்று 2011-இல் செய்தி வந்தது. அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் அத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. அடியில் ஓடும் ஒரு பொருளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘கெட்’டின் அடியில் இருப்பது ஒரு மாற்றம். முன்பு இல்லை, இப்போது வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பொருள் கைக்கு வந்து சேரலாம், ஒரு நிலைமை வந்து சேரலாம், நாமே ஓர் இடத்துக்குப் போய்ச் சேரலாம், ஒரு விஷயம் மண்டையில் ஏறலாம். எல்லாமே ‘கெட்’தான், இறந்தகாலத்தில் ‘காட்’. இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள். ‘ஐ ஹேவ் எ ஜாப்’ என்றால் வேலை இருக்கிறது. ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் வேலை கிடைத்துவிட்டது. ‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறேன். ‘ஐ காட் டயர்ட்’ என்றால் களைத்துப்போனேன். ‘ஐ ஆம் ஹோம்’ என்றால் வீட்டில் இருக்கிறேன். ‘ஐ காட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தேன். இருப்பதைச் சொல்ல ‘ஆம்’, ‘ஹேவ்’ போன்றவை. அந்த இருப்புக்குள் நுழைந்த கணத்தைச் சொல்ல ‘கெட்’.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல பிடிமானம் உண்டு. எந்த இலக்கணப் புத்தகத்திலும் இதை அழுத்திச் சொல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். நாம் ஒரு நாளில் ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களை எத்தனை பேசுகிறோம் என்று கவனியுங்கள். எனக்கு வேலை கிடைத்தது. எனக்குச் சம்பளம் வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பசி எடுத்தது. எனக்குப் புரிந்தது. எனக்குப் பழகிப்போச்சு. எனக்கு அவரைப் பார்க்க வாய்ப்பு அமைந்தது. தமிழில் வேலையும் சம்பளமும் கோபமும்தான் எழுவாய். அவை நம்மைத் தேடி வருகின்றன. நாம் ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘எனக்கு’ அப்படியே ‘ஐ’ ஆகி முன்னால் வந்துவிடும், வினைச்சொல் ‘காட்’ ஆகிவிடும். ‘ஐ காட் எ ஜாப்’, ‘ஐ காட் மை சேலரி’, ‘ஐ காட் எ ஃபீவர்’, ‘ஐ காட் ஆங்ரி’, ‘ஐ காட் ஹங்ரி’, ‘ஐ காட் இட்’, ‘ஐ காட் யூஸ்ட் டு இட்’, ‘ஐ காட் டு சீ ஹிம்’. எட்டுத் தமிழ் வாக்கியத்தில் ஆறு வெவ்வேறு வினை. ஆங்கிலத்தில் ஒரே வினை. அகராதியைப் புரட்டாமலேயே ‘கெட்’டின் பாதிப் பயன்பாடு இதில் அடங்கிவிடும்.

ஆனால் எல்லா ‘எனக்கு’ம் ‘காட்’ ஆகாது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேண்டும்’ இவற்றில் எதுவும் புதிதாக வந்து சேரவில்லை, ஏற்கெனவே இருக்கிறது. அவற்றுக்கு ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’ என்று தனி வினைகள் உண்டு. வந்து சேர்ந்ததா, இருந்துகொண்டிருக்கிறதா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

‘கெட்’டுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் நம் ‘வாங்கு’. கடையில் காய் வாங்குகிறோம். அதே வாயால் மார்க் வாங்கினான், திட்டு வாங்கினான், அடி வாங்கினான், நல்ல பேர் வாங்கினான் என்றும் சொல்கிறோம். யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் ‘கெட்’ நடந்துகொள்வதும் இந்த மாதிரிதான். ‘ஐ காட் திஸ் ஷர்ட் ஃபார் ஐநூறு ருப்பீஸ்’ என்றால் வாங்கினேன். ‘ஹி காட் நைன்ட்டி இன் மேத்ஸ்’ என்றால் கணக்கில் தொண்ணூறு வாங்கினான். ‘ஹி காட் எ ஸ்கோல்டிங்’ என்றால் திட்டு வாங்கினான். அகராதிக்காரர்கள் ‘பெறு’ என்பதற்குப் பதில் ‘வாங்கு’ என்று போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு இந்தச் சொல் அந்நியமாகத் தெரிந்திருக்காது. ‘பெறு’ அரசாணையிலும் விருது அறிவிப்பிலும்தான் வருகிறது, வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சரி, ஒரு வாக்கியத்தில் ‘கெட்’ எந்தப் பொருளில் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பொருட்பெயர் வந்தால் பெரும்பாலும் கிடைத்தல், வாங்குதல், கொண்டுவருதல். ‘கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?’ என்றால் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று அர்த்தம். காலிங் பெல் அடிக்கும்போது ‘ஐ வில் கெட் இட்’ என்றால் நான் போய்த் திறக்கிறேன். போன் அடிக்கும்போது அதையே சொன்னால் நான் எடுக்கிறேன்.

பின்னால் பண்பைச் சொல்லும் சொல் வந்தால் ‘ஆகுதல்’. ‘கெட் ரெடி’ என்றால் தயாராகு. ‘கெட் லாஸ்ட்’ வழி தவறிப்போவதற்கும் வரும். முகத்தைப் பார்த்துச் சொன்னால் ‘தொலைந்து போ’ என்ற வசையாகவும் ஆகும். ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்றால் நேரம் ஆகிறது. நாம் இதைப் பார்த்து ‘ஐ காட் லேட்’ என்று சொல்லிவிடுகிறோம்; இங்கே எல்லோருக்கும் புரியும், ஆனால் வெளிநாட்டவர் காதுக்கு அது வித்தியாசமாக ஒலிக்கும். அவர்கள் ‘ஐ வாஸ் லேட்’ என்றோ, இன்னும் வழியில் இருந்தால் ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்றோ சொல்வார்கள். கல்யாணத்துக்கு ‘காட் மேரீட்’. யாரை என்று சொல்லும்போது ‘டு’ வர வேண்டும், ‘வித்’ வராது. ‘ஷி காட் மேரீட் டு மை கசின்’.

இடம் வந்தால் போய்ச் சேர்தல். ‘ஐ காட் டு த ஸ்டேஷன் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்கு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் முன்னால் மட்டும் ‘டு’ கிடையாது. ‘காட் டு ஹோம்’ தவறு, ‘காட் ஹோம்’ சரி.

வண்டி ஏறி இறங்குவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். எழுந்து நின்று உள்ளே நடக்க முடிகிற வண்டி என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பஸ், ரயில், விமானம், கப்பல். உடம்பை வளைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டிய வண்டி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’: கார், டாக்ஸி, ஆட்டோ. பைக்கும் சைக்கிளும் மேலே ஏறி உட்கார்வது, அதனால் ‘ஆன்’, ‘ஆஃப்’. நாமோ எல்லாவற்றுக்கும் ‘கெட் டவுன்’ என்கிறோம். தாம்பரத்தில் இறங்கணும் என்பதை ‘ஐ ஹேவ் டு கெட் டவுன் அட் தாம்பரம்’ என்று கண்டக்டரிடம் சொன்னால் இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. இந்திய ஆங்கிலத்தில் அது வேரூன்றிவிட்ட வழக்கு, அதைத் தவறு என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ ‘கெட் டவுன்!’ என்று யாராவது கத்தினால், ‘குனி, தரையோடு படு’ என்று எச்சரிப்பதாகத்தான் அர்த்தமாகும். மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதற்கு அங்கேயும் ‘கெட் டவுன்’ உண்டு. பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’தான்.

அடுத்து வருவது, நான் சொல்லிக்கொடுக்கும்போது அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பகுதி: அடுத்தவரை வைத்து வேலை வாங்குவது. சலூனில் முடி வெட்டிவிட்டு வந்து ‘முடி வெட்டினேன்’ என்கிறோம். வெட்டியவர் சலூன்காரர் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால், கண்ணாடி முன்னால் நின்று கத்திரிக்கோலால் நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் ஆங்கிலத்தில் பொருள்படும். சொல்ல வேண்டியது ‘ஐ காட் மை ஹேர் கட்’. முதலில் ‘காட்’, அப்புறம் பொருள், கடைசியில் முடிந்துபோன வினை. டெய்லரிடம் ப்ளவுஸ் தைத்தீர்களா? ‘ஐ காட் எ ப்ளவுஸ் ஸ்டிச்ட்’. மெக்கானிக் வண்டியைச் சரிபார்த்தாரா? ‘ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்’. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தீர்களா? ‘ஐ டுக் ஏன் எக்ஸ்ரே’ என்றால் நீங்கள் அந்த எந்திரத்தை இயக்கிய டெக்னீஷியன் ஆகிவிடுகிறீர்கள். ‘ஐ காட் ஏன் எக்ஸ்ரே’ என்றால் நீங்கள் நோயாளி. ‘கெட் இட் டன்’ இந்தக் குடும்பம்தான். நீயே செய்கிறாயோ, யாரை வைத்துச் செய்கிறாயோ, வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

செய்கிற ஆளையும் சொல்ல வேண்டுமானால் ‘டு’ வரும். ‘ஐ காட் மை சன் டு ஈட்’. இதற்கும் ‘ஐ மேட் மை சன் ஈட்’ என்பதற்கும் தமிழில் ஒரே வாக்கியம்தான்: பையனைச் சாப்பிட வைத்தேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ‘காட்’ என்றால் தாஜா பண்ணியோ கதை சொல்லியோ எப்படியோ இணங்க வைத்தது. ‘மேட்’ என்றால் அவனுக்கு இஷ்டமோ இல்லையோ சாப்பிட்டாக வேண்டும். ‘மேட்’டுக்குப் பின்னால் ‘டு’ வராது என்பதையும் கவனியுங்கள். மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கியதைச் சொல்லும்போது ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள். ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் கையை முறுக்கிய தொனி வந்துவிடும்.

நமக்கு ஏதாவது நடந்துபோவதைச் சொல்லவும் ‘காட்’ வரும். ‘மை பைக் காட் ஸ்டோலன்’ என்றால் என் பைக் திருடு போய்விட்டது. ‘ஹி காட் ப்ரமோட்டட்’ என்றால் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ‘வாஸ் ஸ்டோலன்’ என்றும் சொல்லலாம், செய்தித்தாள் அப்படித்தான் எழுதும். ‘காட்’ போட்டால் நடந்தது யாரையோ பாதித்தது, நல்லதோ கெட்டதோ ஒருவர் தலையில் விடிந்தது என்ற உணர்வு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் கட்டி முடிக்கப்பட்டது என்று எழுதும்போது ‘வாஸ் கம்ப்ளீட்டட்’ என்பதே பொருத்தம், ‘காட் கம்ப்ளீட்டட்’ அங்கே ஒட்டாது.

இனி அலுவலகத்தில் தினமும் காதில் விழும் இரண்டு வாக்கியங்கள். முதலாவது ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’. போனில் எதிர்முனை வெளிநாட்டில் இருக்கிறது, லைன் விட்டுவிட்டு வருகிறது, நம் ஆள் இதைச் சொல்கிறார். எதிர்முனைக்குக் குழப்பம்: இவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் புரியவில்லையா? புரிதல் என்ற பொருளில் ‘கெட்’டை ‘இங்’ சேர்த்துச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் அரிது. காதில் விழவில்லை என்றால் ‘சாரி, ஐ கான்ட் ஹியர் யூ’ என்று சொல்லுங்கள். சொன்னது பிடிபடவில்லை என்றால் ‘சாரி, ஐ டிடின்ட் கெட் தட்’. அவர் உடனே திரும்பச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது ‘த மீட்டிங் காட் ஓவர்’. கூட்டம் முடிந்துவிட்டது என்கிறோம். மற்ற நாட்டு ஆங்கிலத்தில் ‘த மீட்டிங் இஸ் ஓவர்’ அல்லது ‘த மீட்டிங் எண்டட்’. ‘கெட் ஓவர்’ அவர்களுக்கு வேறு விஷயம்: ஒரு காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. ‘ஷி காட் ஓவர் த ஃப்ளூ’ என்றால் சளிக்காய்ச்சலிலிருந்து தேறிவிட்டாள். இது மாதிரி ஒட்டுச்சொல் சேர்ந்த ‘கெட்’கள் ஏராளம், எல்லாவற்றையும் இங்கே அடுக்கப்போவதில்லை. ‘கெட் பை’ என்றால் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. ‘கெட் அவே வித்’ என்றால் தப்பு செய்துவிட்டு மாட்டாமல் தப்பிப்பது. ‘கெட் அலாங்’ என்றால் ஒருவரோடு ஒத்துப்போவது. ‘வேக் அப்’ கண் விழிப்பது, ‘கெட் அப்’ படுக்கையை விட்டு எழுவது; ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு விழித்து ஒன்பது மணிக்கு எழுபவருக்கு இரண்டு சொல்லும் வேண்டியிருக்கும். ‘கெட்டப்’ நம் சினிமாப் பேச்சில் வேஷம், தோற்றம் என்று தனியாக வாழ்கிறதே, அதுவும் ஆங்கிலத்தில் உள்ளதுதான். வழக்கத்துக்கு மாறான உடைக்கோலத்தை அங்கேயும் அப்படிச் சொல்வார்கள்.

‘ஹேவ் காட்’ என்று ஒன்று வரும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ‘ஐவ் காட் டூ பிரதர்ஸ்’ என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள். வந்து சேர்ந்தது எதுவும் இல்லை. ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதேதான். ‘ஐவ் காட் டு கோ’ என்றால் நான் போயாக வேண்டும். பேச்சில் இது ‘ஐ காட்டா கோ’ என்று சுருங்கிவிடுகிறது. அமெரிக்கர் வாயில் நடுவில் உள்ள ‘ட்’ மென்மையாகி ‘காடா’ என்றே கேட்கும். ‘கெட் இட்’ என்பது ‘கெடிட்’ ஆகும். படம் பார்க்கும்போது பிடிபடாமல் போவது பல நேரம் இதனால்தான். ‘ஐ காட் டு மீட் ஹிம்’ என்றால் சந்திக்க வாய்த்தது, ‘ஐவ் காட் டு மீட் ஹிம்’ என்றால் சந்தித்தே ஆக வேண்டும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ‘வ்’வில் பொருள் தலைகீழாகிறது. அது காதில் விழாதபோது, நடந்து முடிந்ததைச் சொல்கிறாரா நடக்கப்போவதைச் சொல்கிறாரா என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

‘காட்டன்’ என்றும் ஒரு வடிவம் உண்டு, அமெரிக்க ஆங்கிலத்தில். ‘ஐவ் காட் எ டிக்கெட்’ என்றால் அவர்களுக்கு டிக்கெட் கையில் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் இரண்டுக்கும் ‘காட்’ என்றே சொல்வார்கள். ‘காட்டன்’ அமெரிக்கர்கள் கண்டுபிடித்த கொச்சை என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இங்கிலாந்தில் வழங்கிய பழைய வடிவம். அங்கே வழக்கொழிந்தது, கடல் கடந்து போனவர்களிடம் நிலைத்தது. மறத்தலைச் சொல்லும் ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் பிரிட்டிஷ்காரர்களும் இன்றைக்குவரை அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சொல்லப்போனால் ‘கெட்’டே இங்கிலாந்தின் சொந்தச் சொல் இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று இருந்தது; அடைதல், பெறுதல், போய்ச்சேர்தல் எல்லாம் அதில் அடக்கம். ஆங்கில எழுத்தில் அது சுமார் 1200 முதல் தென்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு ஓர் உறவுச்சொல் இருந்தது, ஆனால் ‘ஃபர்கெட்’ போன்ற கூட்டுச்சொற்களுக்குள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, தனியாக நடமாடவில்லை. அதன் ‘க’ அப்போது ‘ய’ போல ஒலித்தது. இன்று ‘கெட்’ என்று அழுத்தமாகச் சொல்கிறோமே, அந்த ஒலி வைக்கிங்குகளின் கொடை. ‘டேக்’, ‘தே’, ‘எக்’, ‘ஸ்கை’ ஆகியவையும் அதே வழியில் வந்தவை. அரண்மனை வழியாகவும் தேவாலயம் வழியாகவும் வந்த பிரெஞ்சு, லத்தீன் சொற்களுக்கு ஒரு மிடுக்கு ஏற்பட்டது; அடுப்படியிலும் வயலிலும் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிப் பேசி வந்த ‘கெட்’ பேச்சுமொழியிலேயே தங்கிவிட்டது. மெயிலில் எழுதலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு இதுவும் ஒரு விளக்கம்.

கூட வேலை பார்ப்பவர்களுக்கு எழுதும் மெயிலில் தாராளமாக எழுதலாம். ‘ஐ வில் கெட் பேக் டு யூ பை மன்டே’ என்பது எங்கே அனுப்பினாலும் மரியாதையான வாக்கியம். சொல்லப்போனால் நாம் எழுதும் ‘ஐ வில் ரிவர்ட்’ என்பதைவிட அதுவே தெளிவு, ஏனென்றால் ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல் என்றே பல நாட்டவர் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் விண்ணப்பம், ஒப்பந்தம், ஆய்வுக்கட்டுரை, வாடிக்கையாளருக்குப் போகும் முறையான கடிதம் என்றால் ‘காட்’டைக் குறையுங்கள். கடிதம் வந்தது என்பதற்கு ‘ரிசீவ்ட்’, அனுமதி வாங்கினோம் என்பதற்கு ‘அப்டெய்ன்ட்’, கடினமாகிவிட்டது என்பதற்கு ‘பிகேம்’, சரக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு ‘அரைவ்ட்’. இவற்றைக் கற்றுக்கொண்ட கையோடு பேச்சிலும் புகுத்திவிட வேண்டாம். கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்ததற்கு ‘ஐ அப்டெய்ன்ட் டீ’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கே ‘ஐ காட் டீ ஃபார் எவ்ரிவன்’தான்.